பொத்தான் பெட்டிக்குள் என்ன இருந்தது

மரம் ஒளிர்ந்தபோது பிரதம விருந்தினரின் விரல் பொத்தானுக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது. நான் என் கண்ணால் பார்த்தேன். துறைமுகத்தை ஒட்டிய அந்தச் சதுக்கத்தில் தூறலில் நனைந்துகொண்டு நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். அவர் பேச்சை முடித்திருக்கவில்லை. இடது கையில் ஒலிவாங்கி இருந்தது, வலது கை காற்றில் இருந்தது. "ஒளி யாருக்காகவும் காத்திருப்பதில்லை" என்று அவர் சொல்லி வாய் மூடுவதற்குள், நாற்பதடி உயர நத்தார் மரம் அடியிலிருந்து நுனி வரை ஒரே வீச்சில் பற்றிக்கொண்டது.

முதலில் யாருக்கும் சத்தம் வரவில்லை. பிறகு முன்வரிசைக் கதிரையிலிருந்து திரேசம்மா எழுந்தார். விழாக் குழுச் செயலாளர் இக்னேசியஸின் மனைவி அவர். ஈரத் தரையென்றும் பாராமல் முழந்தாளிட்டுச் சிலுவை அடையாளம் போட்டு, மெல்லிய குரலில், "அற்புதம்" என்றார். பக்கத்தில் நின்ற அறிவிப்பாளருக்கு அது போதும். தொடாமலே ஒளிர்ந்த மரம் என்று அவர் ஒலிபெருக்கியில் முழங்க, கைதட்டல் கிளம்பி அடங்க மூன்று நிமிடம் ஆனது. விருந்தினரும் கெட்டிக்காரர். நீட்டிய கையை மடக்கி நெஞ்சில் வைத்துக்கொண்டு தலை குனிந்தார்.

அந்தப் பேச்சின் ஒளிப்பதிவைப் பிறகு நான் இரண்டு தடவை போட்டுக் கேட்டேன். பதினான்கு நிமிடத்தில் 'ஒளி' முப்பத்தொரு தடவை வருகிறது. கிறிஸ்மஸ் மரத்தில் விளக்கேற்றும் விழாவில் வேறென்ன பேசுவார்கள்? எந்த நேரத்தில் பற்றியிருந்தாலும் அது ஏதாவதொரு 'ஒளி'யின் மேல்தான் விழுந்திருக்கும்.

ஆனாலும் கேள்வி கேள்வியாகவே இருந்தது. அவர் பொத்தானைத் தொடவில்லை, மரம் ஒளிர்ந்தது. மின்சாரம் கம்பி வழியாக வருவது. ஆகவே கூட்டம் பாட்டுக்குத் திரும்பிய நேரம் நான் கம்பியைப் பின்தொடர்ந்து போனேன்.

மேடையில் சிவப்புத் துணி விரித்த சிறு மேசை. அதன்மேல் ஒரு மரப்பெட்டி, பெட்டியின் தலையில் வீட்டு அழைப்புமணிக்குப் போடுகிற வெள்ளைப் பொத்தான். பெட்டியிலிருந்து கறுப்பு வயர் ஒன்று துணிக்குள் இறங்கியது. குனிந்து பார்த்தேன். வயர் மேசைக்காலில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடப்பட்டிருந்தது. அதற்கப்பால் அது எங்கேயும் போகவில்லை.

மரத்திலிருந்து வந்த வயர் வேறு. கைப்பருமன் உள்ள அந்த வயர், ஊருக்குள் திரிகிற மான்கள் எட்டிக் கடிக்க முடியாத உயரத்தில், கவைத்தடிகளின் மேலாகப் பின்பக்கம் போனது. அது முடிந்த இடம் ஒரு தகரக் கொட்டில். உள்ளே ஜெனரேட்டர், பலகையில் பூட்டிய சுவிச்சுகள், ரப்பர் சப்பாத்தும் மழைக்கோட்டும் போட்ட ஒரு பெண். வாயில் சிறிய டோர்ச்சைக் கவ்விக்கொண்டு ஒவ்வொரு வயராகத் தொட்டு, எது சூடேறுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் டோர்ச்சைக் கையில் எடுத்து, மரம் முழுக்கப் பற்றியதா, நுனியில் உள்ள நட்சத்திரமும் பற்றியதா என்று கேட்டார். அந்தக் கொட்டிலிலிருந்து மரம் தெரியாது. தான் ஏற்றிய மரத்தை அவர் பார்க்கவில்லை.

எல்லாம் பற்றியது என்றேன்.

"அப்ப ஏன் அண்ணை, கைதட்டு அவ்வளவு பிந்திக் கேட்டது?"

நடந்ததைச் சொன்னேன். கவிழ்த்து வைத்த மீன் பெட்டியில் அவர் மெல்ல உட்கார்ந்தார்.

"நான் லேஞ்சியைப் பாத்துத்தான் போட்டனான்" என்றார்.

அவர்தான் ஜெயரூபி. கட்டைபறிச்சான் கிராமத்தில் பிறந்தவர். சாதாரண தரப் பரீட்சை எழுதவேண்டிய வருடம் சண்டை வந்தது. ஊரோடு ஓடி, பள்ளிக்கூடமொன்றில் அமைந்த முகாமில் இருந்தார். பரீட்சை எழுதவேண்டியவருக்குப் பள்ளிக்கூடம் கிடைத்தது, படுப்பதற்கு. அங்கே மாலையில் இரண்டு மணித்தியாலம் ஜெனரேட்டர் ஓடும். மண்டபத்தில் ஒரு வரி பல்ப். அதில் ஒன்று போனால் எல்லாம் போய்விடும். மற்றவர்கள் இருட்டைத் திட்டிக்கொண்டு பாயை விரிக்க, ஜெயரூபி ஏன் ஒன்றுக்காக எல்லாம் போகிறது என்று யோசித்துக்கொண்டு கிடந்தார். நான்காம் நாள் எந்த பல்ப் என்று கண்டுபிடித்தார். எட்டாம் நாள் ஏன் என்று கண்டுபிடித்தார். சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கவில்லை.

இருபத்தொரு வயதில் நகரத்தில் ஸைனுலாப்தீனின் கடைக்கு வேலைக்குப் போனார். கோயில் திருவிழா, பள்ளிவாசல் கந்தூரி, வெசாக் பந்தல், நத்தார் என்று மாவட்டத்தில் எதற்கு மின்விளக்கு கட்டுவதென்றாலும் அந்தக் கடைதான். ஜெயரூபிக்கு முதலில் கொடுத்த வேலை அறுந்த பல்ப் வரிகளைக் கதிரையில் இருந்து ஒட்டுவது. ஏணியில் ஏறவேண்டும் என்று கேட்டபோது முதலாளி மறுத்துவிட்டார். பெண்பிள்ளையை ஏணியில் ஏற்றினால் சனம் தன்னைத்தான் ஏசும் என்றார்.

சரி, ஏறாமல் எப்படிக் கட்டுவது? ஜெயரூபி தன் ஊர்க் கரையில் கிடந்த பழைய மீன்வலை ஒன்றைக் கொண்டுவந்து நிலத்தில் விரித்தார். வலையின் கண்களில் பல்புகளைக் கட்டினார். ஒவ்வொன்றையும் நிலத்திலேயே எரித்துப் பார்த்தார். பிறகு கப்பியில் கயிறு போட்டு வலையை அப்படியே மேலே தூக்கச் சொன்னார். நான்கு பேர் மூன்று நாள் ஏணியில் தொங்கிச் செய்த வேலை ஒரு பகலில் முடிந்தது. அன்றிலிருந்து கடையில் எல்லாருமே வலையில்தான் கட்டுகிறார்கள். அது கடையின் முறை என்று பெயர் வாங்கிவிட்டது. ஜெயரூபி என்ன வேலை செய்கிறார் என்று கேட்டால், பதின்மூன்று வருடம் கழித்தும், 'ஹெல்ப்பர்' என்றுதான் சொல்வார்கள்.

பொத்தான் பெட்டியும் ஜெயரூபியின் ஏற்பாடு. முன்பு பொத்தானுக்கு உண்மையான மின்னோட்டம் போனது. ஒரு மார்கழியில் மேடை முழுக்க மழைநீர் தேங்கி நிற்க, அன்றைய பெரிய மனிதர் ஈரக் கையோடு வந்தார். அவருடைய விரல் பொத்தானில் படுமுன் ஜெயரூபி ஓடிப்போய் மெயினை அணைத்தார். அடுத்த விழாவிலிருந்து மேடைக்கு மின்சாரமே போகவில்லை. பெட்டி வெறும் பெட்டி. பின்னால் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்து சுவிச்சைப் போடுவார். நான்கு சமயத்தின் பெரிய மனிதர்களும் அந்தப் பெட்டியை அழுத்தியிருக்கிறார்கள். ஒருவருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

கொட்டிலிலிருந்து மேடை தெரியாததால் நத்தார் மரத்துக்கு ஒரு சைகை வைத்திருந்தார்கள். இரண்டு தகரங்களின் இடைவெளியில் மேடையோர மின்கம்பம் மட்டும் தெரியும். அங்கே இக்னேசியஸ் நிற்பார். விருந்தினரின் விரல் பொத்தானுக்குப் போகும்போது வெள்ளை லேஞ்சியை, கைக்குட்டையை, எடுத்து முகத்துக்கு நேரே பிடிப்பார். துறைமுக அலுவலகத்தில் முப்பது வருடம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர், சொன்னால் சொன்ன நேரம். ஏழு வருடமாக ஒரு நொடி பிசகியதில்லை.

அன்று தூறலோடு ஈசல் கிளம்பியிருந்தது. மேடை வெளிச்சத்தைச் சுற்றி மொய்த்த ஈசலில் ஒன்று இக்னேசியஸின் மூக்குக்குள் போய்விட்டது. மூக்கைத் துடைக்க அவர் லேஞ்சியை எடுத்தார். அவ்வளவுதான் சங்கதி.

இது அன்றே முடிந்திருக்கவேண்டிய பகிடி. முடியவில்லை. மறுநாள் ஒளிப்பதிவு எல்லார் கைபேசியிலும் இருந்தது. நிலாவெளிப் பக்கமிருந்தும் மூதூரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். மரத்தடியில் மெழுகுதிரி கொளுத்தினார்கள். இரும்புச் சட்டத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார்கள். மழைக்காலம், ஈரத் தரை, மேலே ஆயிரத்து நானூறு பல்ப். ஜெயரூபி சுற்றிவரக் கயிறு கட்டிவிட்டுக் காவலுக்கு நின்றார். தொடாதீர்கள், மின்சாரம் இருக்கிறது என்று சொல்லித் தொண்டை கட்டிப்போனது.

"கடவுள் ஏத்தின லைட்டில என்ன கரண்ட், தங்கச்சி? விலகுங்கோ" என்றார் ஒருவர். இன்னொரு அம்மா, நிற்கிற நேரத்துக்கு மெழுகுதிரியாவது விற்கலாமே என்று ஆலோசனை சொன்னார்.

ஜெயரூபிக்கு உள்ள கவலை வேறு. தொழில் படித்துத் தேறாதவர்களும் செய்த வேலையைக் காட்டி, பரீட்சகர்கள் முன்னால் நின்று பதில் சொல்லி, மின்னிணைப்பாளர் சான்றிதழ் பெற ஒரு வழி இருக்கிறது. அந்தச் சான்றிதழ் இல்லாததால்தான் அவர் வயர் இழுத்த வீடுகளுக்கெல்லாம் வேறு யாரோ கையெழுத்து வைத்தார்கள். கணவர் தனஞ்சயன் மேசன். அவர் கட்டிய வீடுகளில் ஜெயரூபி வயர் போடுவார், பிறகு வீட்டுக்காரர் கையெழுத்துக்கு ஒரு ஆளைத் தேடிப்போவார். அந்த ஆள் வந்து கூரையைக்கூடப் பார்க்காமல் வைத்துவிட்டுப் போவார். இந்த அநியாயம் முடிய அவருக்கு மூன்று கடிதம் தேவை, வேலை செய்வித்தவர்கள் தருகிற கடிதம். இரண்டு கிடைத்துவிட்டது. மூன்றாவது இந்த மரம். வரைபடத்திலிருந்து சுவிச் வரை அவர் தனியாகச் செய்த முதல் பெரிய வேலை அது. வெள்ளிக்கிழமைக்குள் கடிதம் கொடுக்கவேண்டும்.

செவ்வாய்க்கிழமை இக்னேசியஸிடம் கேட்டார். கடிதம் புதன் காலையே தட்டச்சில் வந்தது. 'நத்தார் மர அலங்கார வேலைகளில் உதவியாக இருந்தார்' என்று ஒரு வரி.

ஜெயரூபி அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு, தான் உதவி செய்யவில்லை, தான்தான் செய்தது என்றார். மின்னிணைப்பு முழுவதும் செய்து இயக்கியவர் என்று எழுதித் தரும்படி கேட்டார். இக்னேசியஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். செய்தவர் என்று எழுதலாம், இயக்கியவர் என்று எழுத ஏலாது என்றார். இயக்கியவர் என்று ஒருவர் இருந்தால் சனம் கும்பிடுவது எதை? குழுவில் கேள்வி வரும். பங்குத்தந்தையே இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, விசாரிப்போம் என்றுதான் சொல்லியிருக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் திரேசம்மா நாலு நாளாகச் சந்தோசமாக இருக்கிறார்.

உண்மையில் அந்தக் கடைசிக் காரணம்தான் காரணம். மனைவி முழந்தாளிட்டு வணங்கியது தன் மூக்குத் துடைப்பை என்று எந்த மனிதனால் சொல்ல முடியும்?

ஜெயரூபி முதலாளியிடம் போனார். ஸைனுலாப்தீன் முழுக்கதையையும் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கடை வாசலைப் பார்த்தார், யாரும் நிற்கவில்லையே என்று.

"தங்கச்சி, அது அவங்கட அற்புதம். நான் சோனகன், நீங்க சைவம். இந்த ஊரில அதில நாம ரெண்டு பேரும் கை வைக்கக் கூடாது. அடுத்த வருசம் வேற வேலையில கடிதம் எடுப்பம்."

அவர் பயந்ததில் தவறில்லை. இந்த ஊரில் கதவடைப்புக்கும் கல்லெறிக்கும் இதைவிடச் சின்னக் காரணங்கள் போதுமாக இருந்திருக்கின்றன. ஆனால் அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று ஒரு மனுஷியின் பதின்மூன்று வருடம் ஏற்கெனவே போய்விட்டிருந்தது.

"கை வைக்காட்டி ஆராவது அந்த இரும்புச் சட்டத்தில கை வைச்சுச் செத்துப்போவினம், நானா" என்று மட்டும் ஜெயரூபி சொன்னார். முதலாளியை அவர் 'நானா', அண்ணன், என்றுதான் கூப்பிடுவார். பொத்தான் பெட்டியை ஒருநாள் எடுத்துப்போகட்டுமா என்று கேட்டார். முதலாளி வாய் திறக்கவில்லை. திறக்காததை அவர் ஓம் என்று எடுத்துக்கொண்டார்.

வியாழன் பின்னேரம் உவர்மலையில் இக்னேசியஸின் வீட்டுக் கதவை ஜெயரூபி தட்டியபோது திறந்தவர் திரேசம்மா. இவர் நம் மரத்தடியில் கயிறு பிடிக்கிற பிள்ளையல்லவா என்று உள்ளே கூப்பிட்டார். நடந்ததைத் திரேசம்மாவே பிறகு எனக்குச் சொன்னார், அதனால் நான் கூட்டிச் சொல்ல எதுவுமில்லை.

ஜெயரூபி பெட்டியை மேசையில் வைத்தார்.

"அம்மா, ஒருக்கா அமத்திப் பாருங்கோ."

திரேசம்மா அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. இது இங்கே எதிலும் கொழுவவில்லையே, எப்படி வேலை செய்யும் என்றார். அங்கேயும் கொழுவவில்லை என்று சொல்லி, ஜெயரூபி சட்டைப்பையிலிருந்து திருகியை எடுத்து அடிப்பலகையின் நான்கு திருகாணியையும் கழற்றினார். குசினியிலிருந்து தேத்தண்ணீரோடு வந்த இக்னேசியஸ் வாசலிலேயே நின்றுவிட்டார்.

பெட்டிக்குள் பொத்தானின் அடிப்பக்கம் தெரிந்தது. வயர் ஒன்றும் தொடுக்கப்படாத இரண்டு பித்தளைத் திருகாணி. மூலையில் தூசிக்குள் இரண்டு பல்லி முட்டை.

திரேசம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"அப்ப அந்தப் பெரிய ஆக்கள் எல்லாம் இவ்வளவு வருசமும் அமத்தினது இந்தப் பல்லி முட்டையையா?"

"ஓம், அம்மா."

"விரல் படாட்டியும் நீங்கள் போட்டால் பத்தும்."

"ஓம்."

"மறைப்புக்குப் பின்னால நிண்ட உங்களுக்கு ஆர் சொன்னது, இப்ப போடு எண்டு?"

இதைத் தான் சொல்லக்கூடாது என்று ஜெயரூபி வரும்போதே முடிவு செய்திருந்தார். இக்னேசியஸ் தேத்தண்ணீரை மேசையில் வைத்தார். காற்சட்டைப் பையிலிருந்து லேஞ்சியை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். அதன் பின்னாலிருந்தே, "ஈசல் ஒண்டு" என்றார்.

திரேசம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நாப்பது வருசமா இந்த மூக்கால எனக்கு நித்திரை இல்லை. இப்ப ஊருக்கும் இல்லாமப் பண்ணிப் போட்டீங்கள்."

பிறகு ஜெயரூபியின் பக்கம் திரும்பினார். முகம் கொஞ்சம் விழுந்திருந்தது, ஆனாலும் விடுகிற ஆள் இல்லை.

"சரி பிள்ளை, லேஞ்சி. ஈசலை ஆர் அனுப்பினது?"

"மழை, அம்மா."

திரேசம்மா சிரித்துவிட்டார். சிரித்ததோடு விடவில்லை. மேசைக்காலில் கட்டிய வயரில் தொடங்கி, கொட்டிலில் எத்தனை சுவிச், ஒரு வரி போனால் மற்ற வரி ஏன் போகாது என்று ஒரு மணித்தியாலம் கேட்டுக்கொண்டிருந்தார். மின்சாரத்தைப் பற்றித் தன்னிடம் அவ்வளவு கேள்வி கேட்ட ஆள் அதற்கு முன் இருந்ததில்லை என்று ஜெயரூபி சொன்னார். கயிற்றைத் தாண்டித் தொடப் பார்த்த ஆட்களின் கதையைச் சொன்னபோது திரேசம்மாவின் முகம் மாறியது. தானும் திங்கட்கிழமை தொட்டாராம்.

அதன்பிறகு கடிதம் எழுத அரைமணித்தியாலம் போதுமாக இருந்தது. திரேசம்மா பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, இக்னேசியஸ் கையால் எழுதினார். நத்தார் மரத்துக்கான மின்னிணைப்பு முழுவதையும் திட்டமிட்டு, செய்து, இயக்கியவர் திருமதி ஜெயரூபி தனஞ்சயன். குழுவின் பக்கத்தில் நேர்ந்த சைகைத் தவறினால் மரம் முன்கூட்டியே ஒளிர்ந்தது. இந்த இடத்தில் திரேசம்மா அவருடைய கையைப் பிடித்து நிறுத்தி, குழு என்ன செய்தது பாவம் என்று கேட்க, 'குழுவின் பக்கத்தில்' வெட்டப்பட்டு 'செயலாளராகிய எனது பக்கத்தில்' என்று வந்தது. வெட்டின கடிதத்தைக் கொடுக்க முடியாது என்று இக்னேசியஸ் முழுவதையும் மறுபடி எழுதினார். முப்பது வருட அலுவலகப் பழக்கம்.

ஞாயிறு பூசை முடிவில் பங்குத்தந்தை ஒரு சிறு அறிவித்தல் வாசித்தார். மரத்தை ஏற்றியவர் ஜெயரூபி என்ற மின்பணியாளர், நேரம் பிசகியது ஓர் ஈசலால், மரத்தின் இரும்புச் சட்டத்தில் மின்சாரம் பாயலாம், தொடவேண்டாம், மெழுகுதிரியைக் கோயிலில் கொளுத்துங்கள். சிலர் நம்பினார்கள். சிலர் அந்த ஈசலை அனுப்பியதே கடவுள்தான் என்று வாதாடினார்கள். ஸைனுலாப்தீன் அன்று முழுவதும் கடையைப் பாதிக் கதவு சாத்தி வைத்திருந்தார், ஒருவரும் கல்லெறிய வரவில்லை. வந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் வீட்டுக்கு வயர் போட விலை கேட்க வந்தார், மற்ற இருவர் அந்தப் பெட்டியைப் பார்க்க வந்தார்கள்.

மாசி மாதம் நேர்முகப் பரீட்சை. மேசைக்குப் பின்னால் மூன்று பேர். ஜெயரூபி கொண்டுபோன படங்களையும் மூன்று கடிதங்களையும் பார்த்தார்கள். நடுவில் இருந்தவர் மூன்றாவது கடிதத்தில் நின்றுவிட்டார். சைகைத் தவறு என்றால் என்ன என்று கேட்டார். ஜெயரூபி ஈசல் வரை ஒன்றும் விடாமல் சொன்னார். மூவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். பிறகு நடுவில் இருந்தவர் கேட்டார், பொத்தானுக்கே நேரே வயர் கொடுத்திருந்தால் இந்தப் பிழை வந்திருக்காதே, ஏன் கொடுக்கவில்லை?

"மேடை நனைஞ்சு கிடந்தது, சேர். அமத்திறது ஆரா இருந்தாலும் ஈரக் கை தானே."

அவர் தலையாட்டி எதையோ எழுதினார். குறைந்த மின்னழுத்தத்தில் பொத்தானை ஓட்டி, அதைக்கொண்டு பெரிய சுவிச்சை இயக்கலாமே, அது எப்படியென்று தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றார் ஜெயரூபி. அவர் ஒரு கடதாசியில், பெரிய சுவிச்சை இழுக்கும் கம்பிச்சுருள் ஒன்றை வரைந்து காட்ட, ஜெயரூபி கதிரையை இழுத்துக்கொண்டு மேசைக்குக் கிட்டப் போனார். பரீட்சை என்பது மறந்து, அந்தச் சுருளுக்கு எவ்வளவு மின்னோட்டம் வேண்டும், மழையில் அது என்னாகும் என்று இவர் கேட்கத் தொடங்க, வெளியே காத்திருந்தவர்கள் முணுமுணுக்கும் வரை அது போனது.

சான்றிதழ் பங்குனியில் வந்தது. தனஞ்சயன் பூச்சு வேலை முடித்திருந்த உவர்மலை வீடொன்றுக்கு ஜெயரூபி தானே வயர் போட்டு, கூரைக்குள் ஏறி ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்து இறங்கிவந்து, தானே கையெழுத்து வைத்தார். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் ஸைனுலாப்தீன். இந்த வருட மரத்துக்கு ஒரு சிறிய சுருளும் பன்னிரண்டு வோல்ட் பற்றரியும் வாங்கி வைத்திருக்கிறார்கள். பொத்தானுக்கு உண்மையாகவே வயர் போகப்போகிறது. முதலில் யார் அழுத்துவது என்று குழு இன்னும் முடிவு செய்யவில்லை. திரேசம்மா தன் பெயரைக் கொடுத்திருக்கிறார்.